பெரிய வீட்டு வாசலில் தொடங்கிய ரோம்

பொழுது புலர்வதற்கு முன்பே ரோமின் தெருக்களில் ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். விளக்கில்லாத சந்துகளில், தோகா என்ற கனத்த கம்பளி மேலாடையை உடம்பில் சுற்றிக்கொண்டு ஆண்கள் வேகவேகமாகப் போவார்கள். வேலைக்கும் அல்ல, கோயிலுக்கும் அல்ல. தங்களைவிட வசதியும் செல்வாக்கும் உள்ள ஒருவருடைய வீட்டுக்கு. அங்கே கதவு திறக்கும்வரை வாசலில் நிற்பார்கள். பெயர் கூப்பிட்டதும் உள்ளே போய், ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, அன்றைக்கு ஆகவேண்டிய காரியம் இருந்தால் காதில் போட்டுவிட்டு வருவார்கள். லத்தீனில் இதற்கு ‘சலூட்டாத்தியோ’ என்று பெயர். ரோமானியனின் ஒருநாள் பொழுதை மணிக்கணக்கில் பிரித்துப் பாடிய கவிஞர் மார்ஷியல், முதல் இரண்டு மணி நேரத்தை இந்தக் காலை வணக்கத்துக்கே எழுதிவைத்துவிட்டார்.

ரோமின் ஆட்சிமுறை என்றதும் பாடப்புத்தகம் நமக்குச் சொல்லித்தந்தது செனட், கான்சல், ட்ரிப்யூன், பிறகு சீசர், பிறகு பேரரசர்கள். பெயர்கள் எல்லாம் சரிதான். ஆனால் அவற்றை மட்டும் படித்தால் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காது. குடியரசுக் கால ரோமில் காவல்துறை கிடையாது. அரசு வழக்கறிஞர் கிடையாது. சம்பளம் வாங்கும் அதிகாரிகள் கூட்டமும் கிடையாது. உயர் பதவிகள் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான், அதுவும் ஊதியமில்லாமல். பிறகு எப்படி அந்த ஊர் இத்தாலியையும், அதன்பின் மத்தியதரைக் கடலின் கரைகள் முழுவதையும் கட்டி ஆண்டது? என் பதில் அந்த விடியற்கால வாசலில்தான் இருக்கிறது.

வாசலில் நிற்பவனுக்குப் பெயர் ‘கிளியென்ஸ்’. இன்று வக்கீல் அலுவலகத்திலும் ஐ.டி. கம்பெனியிலும் புழங்கும் ‘கிளையண்ட்’ இந்தச் சொல்லின் பேரப்பிள்ளை. உள்ளே நாற்காலியில் இருப்பவர் ‘பட்ரோனஸ்’. தந்தை என்று பொருள்படும் ‘பாத்தர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. உறவும் அப்படித்தான் கற்பனை செய்யப்பட்டது. சார்ந்தவனுக்கு வழக்கு வந்தால் பட்ரோனஸ் மன்றத்தில் எழுந்து பேசவேண்டும், கஷ்டம் வந்தால் கைகொடுக்கவேண்டும். சார்ந்தவன் பதிலுக்கு அவருக்கு வாக்களிக்க வேண்டும், அவர் ஃபோரம் என்ற நகர மையத் திடலுக்குக் கிளம்பினால் கூட்டமாகப் பின்னால் நடந்து அவர் மதிப்பை ஊருக்குக் காட்டவேண்டும். பழங்காலத்தில் பட்ரோனஸின் மகள் திருமணத்துக்குச் சார்ந்தவர்கள் பணம் சேர்த்துக் கொடுத்ததாகக்கூட வரலாற்றாசிரியர் டயோனிசியஸ் எழுதியிருக்கிறார். மொய் எழுதிப் பழகிய நமக்கு இது விளங்காத சங்கதி அல்ல. இதெல்லாம் வெறும் மரியாதைப் பழக்கமாக நின்றுவிடவும் இல்லை. கி.மு. 451-450இல் எழுதப்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டம், தன்னைச் சார்ந்தவனை ஏமாற்றும் பட்ரோனஸைத் தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவன் என்று ஒதுக்கிவைத்தது. அப்படிப்பட்டவனைக் கொன்றால் அது கொலைக்குற்றம் ஆகாது.

வீடுகளின் அமைப்பே இதற்காகத்தான். தெருவாசலைத் தாண்டினால் ‘ஆட்ரியம்’. நம் முற்றத்து வீடுகளைப் போலவே நடுவில் கூரை திறந்து, மழைநீர் விழ ஒரு தொட்டியும் இருக்கும். சுவரோரம் மர அலமாரிகளில் முன்னோர்களின் மெழுகு முகமூடிகள். பதவி வகித்த முன்னோர்களுக்கு மட்டுமே அந்த இடம். முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்துக் கட்டடக்கலை ஆசிரியர் விட்ருவியஸ் பட்டும் படாமலும் ஒன்று சொல்கிறார்: சாதாரண மக்களுக்கு ஆடம்பரமான முன்வாசலும் முற்றமும் தேவையில்லை, ஏனென்றால் வணக்கம் சொல்ல அவர்கள் பிறர் வீட்டுக்குப் போகிறார்களே தவிர, அவர்கள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. ஒரு சமூகத்தின் மேல்கீழை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன வரி குறைவு.

இந்த வாசலிலிருந்து வாக்குச்சாவடிக்குப் போவோம்.

கி.மு. 509இல் மன்னராட்சி ஒழிந்து குடியரசு பிறந்தது என்பது ரோமானியர்களின் மரபுக் கணக்கு. தலைமை ஆட்சியாளர்களாக ஆண்டுக்கு இரண்டு கான்சல்கள்; ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். பணயக்கைதியாகக் கி.மு. 167இல் ரோமுக்கு வந்த கிரேக்கர் பாலிபியஸ், கான்சலிடம் மன்னராட்சி, செனட்டிடம் மேன்மக்கள் ஆட்சி, வாக்கிடும் மக்களிடம் ஜனநாயகம் என மூன்றும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதுதான் ரோமின் வெற்றி ரகசியம் என்று வியந்து எழுதினார். மூன்றும் இருந்தன, உண்மைதான். ஆனால் தராசில் மூன்றும் ஒரே எடை இல்லை.

கான்சலைத் தேர்ந்தெடுத்த ‘செஞ்சுரி’ மன்றத்தையே பாருங்கள். குடிமக்கள் சொத்துமதிப்பின்படி 193 செஞ்சுரிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். ஒரு செஞ்சுரிக்கு ஒரு வாக்கு. குதிரைவீரர் வகுப்புக்கு 18, முதல்தரச் சொத்துக்காரர்களுக்கு 80. இரண்டையும் கூட்டினால் 98. பெரும்பான்மைக்குத் தேவை 97. சொத்தே இல்லாத ஏழைகள் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் அவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு செஞ்சுரி. பணக்காரர்கள் முதலில் வாக்களிப்பார்கள். பெரும்பான்மை கிடைத்ததும் வாக்கெடுப்பு நிற்கும். ஏழையின் முறை வரும் முன்பே பல வேளைகளில் முடிவு அறிவிக்கப்பட்டிருக்கும். பின்னால் வந்த ஒரு சீர்திருத்தம் முதல் வகுப்பின் பங்கை 70ஆகக் குறைத்தது, அடிப்படை மாறவில்லை. வாக்காளர்களை அடைத்துவைத்த வேலியிட்ட திடலுக்கு ரோமானியர்கள் வைத்த செல்லப்பெயர் ‘ஓவிலே’. ஆட்டுப்பட்டி என்று பொருள்.

ஏழைகள் சும்மா இருக்கவில்லை. கி.மு. 494இல் ப்ளீபியன்கள் என்ற பொதுமக்கள் பிரிவு, படையில் சேர மறுத்து ஊரைவிட்டே வெளியேறிப் புனித மலையில் போய் உட்கார்ந்துகொண்டது என்கிறது மரபு. அந்த வேலைநிறுத்தத்தின் பலன்தான் ட்ரிப்யூன் பதவி. பின்னால் பத்துப் பேராக ஆன ட்ரிப்யூன்களின் உடம்பைத் தொட்டாலே பாவம். கான்சலின் ஆணையையும் செனட்டின் தீர்மானத்தையும் ‘வீட்டோ’, அதாவது ‘நான் தடுக்கிறேன்’ என்ற ஒற்றைச் சொல்லால் நிறுத்த அவர்களால் முடியும். ட்ரிப்யூனின் வீட்டுக்கதவு இரவும் பகலும் திறந்தே இருக்கவேண்டும் என்பது விதி. எனக்கு இதில் பிடித்த விஷயம், பட்ரோனஸின் மூடிய கதவுக்கு மாற்றாகப் பொதுமக்கள் கேட்டதும் ஒரு திறந்த கதவைத்தான் என்பது. அதிகாரம் என்றாலே வாசல்தான் என்று அவர்கள் மனத்தில் ஊறியிருந்தது.

வாய்விட்டுச் சொல்லும் வாக்கு கி.மு. 139இல் மெழுகு பூசிய பலகையில் எழுதும் ரகசிய வாக்காக மாறியபோது மேல்தட்டு எரிச்சலடைந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, பின்னாளில் பெரும் தளபதியான மாரியஸ் ட்ரிப்யூனாக இருந்தபோது, வாக்குப்போடும் பாலத்தையே குறுக்கிக் கட்ட வைத்தார். பக்கத்தில் நின்று யார் எதை எழுதுகிறார்கள் என்று எட்டிப்பார்க்க இடமில்லாமல் போயிற்று. யார் எட்டிப்பார்த்திருப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ரகசிய வாக்கு வந்ததும் செல்வாக்கு மறைந்துவிடவில்லை, விலை ஏறியது. வேட்பாளர்கள் சுண்ணத்தால் வெளுத்த தோகா அணிந்து தெருத்தெருவாகக் கைகுலுக்கி நடந்தார்கள். ‘கேண்டிடேட்’ என்ற சொல்லுக்குள் இருப்பது அந்த வெள்ளைத் துணிதான். எதிரில் வருபவர் பெயரைக் காதில் கிசுகிசுக்கவே ‘நோமென்க்ளாட்டர்’ என்று ஓர் அடிமை உடன் வருவான். கி.மு. 65இல் ஈடில் என்ற, நகர விழாக்களைக் கவனிக்கும் பதவியில் இருந்த ஜூலியஸ் சீசர் 320 ஜோடி கிளாடியேட்டர்களை இறக்கி விழா எடுத்தார். எல்லாம் கடனில். நான்கு ஆண்டுகள் கழித்து ஸ்பெயினுக்கு ஆளுநராகக் கிளம்பியபோது கடன்காரர்கள் வழிமறித்தார்கள். ரோமின் பெரும் பணக்காரர் க்ராசஸ் 830 தாலந்துகளுக்கு ஜாமீன் நின்ற பிறகுதான் அவரால் ஊரைத் தாண்ட முடிந்தது.

அந்தக் கடனை எங்கே அடைப்பது? மாகாணத்தில்தான். சிசிலியை கி.மு. 73 முதல் 71 வரை ஆண்ட வெர்ரஸ் என்பவர்மீது வழக்குத் தொடுத்த பேச்சாளர் சிசரோ, அவர் தன் மூன்றாண்டுக் கொள்ளையைப் பங்குபிரித்த விதத்தை மன்றத்தில் சொன்னார். முதல் ஆண்டு வரும்படி தனக்கு, இரண்டாம் ஆண்டு தன்னைக் காப்பாற்றும் பட்ரோனஸ்களுக்கும் வக்கீல்களுக்கும், நல்ல விளைச்சல் உள்ள மூன்றாம் ஆண்டு முழுக்க நீதிபதிகளுக்கு. எதிர்த்தரப்பு வக்கீலின் பேச்சு என்பதால் கொஞ்சம் கழித்துத்தான் கேட்கவேண்டும். இருந்தாலும் வெர்ரஸ் தீர்ப்புக்குக் காத்திருக்காமல் நாட்டைவிட்டே போய்விட்டார்.

வக்கீல்களைப் பற்றி இன்னொன்று. வாதாடுவதற்குக் கூலி வாங்கக்கூடாது என்று கி.மு. 204இல் சின்ச்சியா சட்டம் தடுத்தது. வாதாடுவது தொழில் அல்ல, பட்ரோனஸின் கடமை என்பது அதன் தத்துவம். கூலி நின்றது, பரிசு நிற்கவில்லை. டிசம்பரில் வரும் சாட்டர்னாலியா பண்டிகைக்குச் சபெல்லஸ் என்ற வக்கீலுக்கு வந்த பரிசுகளை மார்ஷியல் கேலியாகப் பட்டியல் போடுகிறார்: கோதுமை, பயறு, கொஞ்சம் சாம்பிராணி, கொஞ்சம் மிளகு. அந்த மிளகு நம் மேற்குக் கரையிலிருந்து போனது. பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, திரும்பும் யவனர் கலங்களை அகநானூறு முசிறித் துறையில் காட்டுகிறது. பெரியாற்றுத் துறையில் ஏறிய மூட்டை, ரோமில் ஒரு வக்கீலின் வாசலில் நன்றிக்கடனாகப் போய் இறங்கியிருக்கிறது. கொங்கு நாட்டுப் புதையல்களில் இன்றும் அகப்படும் அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள் அந்த வணிகத்தின் மறுபக்கம்.

அடிமைகள் இந்த வாசலின் உள்ளேயே வாழ்ந்தவர்கள். ரோம அடிமைமுறையில் கொடுமைக்குக் குறைவில்லை. ஸ்பார்ட்டகஸ் கிளர்ச்சி கி.மு. 71இல் ஒடுக்கப்பட்டபோது 6,000 பேர் ஆப்பியன் சாலை நெடுகச் சிலுவையில் அறையப்பட்டார்கள். கி.பி. 61இல் நகரத் தலைவர் பெடானியஸ் செக்குண்டஸை அவருடைய அடிமை ஒருவன் கொன்றான். அந்தக் கூரையின்கீழ் இருந்த 400 அடிமைகளையும் கொல்லவேண்டும் என்பது பழைய வழக்கம். மக்கள் கல்லும் தீப்பந்தமுமாகக் கூடி எதிர்த்தார்கள். செனட் விவாதித்தது, வழக்கத்தை மாற்றவேண்டாம் என்று முடிவு செய்தது. பேரரசர் நீரோ சாலையோரம் படையை நிறுத்தி 400 பேரையும் கொல்ல அனுப்பினார்.

அதே ரோமில்தான் குடிமகன் ஒருவன் முறைப்படி விடுவித்த அடிமை தானும் குடிமகனானான். கிரேக்க நகரங்களில் இது நினைத்துப்பார்க்க முடியாதது. ரோமோடு போரிட்டுக்கொண்டிருந்த மாசிடோன் மன்னர் ஐந்தாம் பிலிப்பே கி.மு. 214இல் லாரிசா நகரத்துக்கு எழுதிய கடிதத்தில், ரோமானியர்கள் விடுதலை பெற்ற அடிமைகளையும் குடிமக்களாக்கித்தான் பெருகியிருக்கிறார்கள், நீங்களும் குடியுரிமையை இறுக்கிப் பிடிக்காதீர்கள் என்கிறார். அந்தக் கடிதம் கல்வெட்டாக நமக்குக் கிடைத்திருக்கிறது. தாராள மனமா? ஓரளவுதான். விடுதலை பெற்றவன் பழைய எசமானின் கிளியென்ஸ் ஆனான். அவருக்குச் சில வேலைகள் செய்து தரவேண்டும், அவர்மீது வழக்குத் தொடுக்க நினைத்தால் நீதித்துறை அதிகாரியிடம் முதலில் அனுமதி வாங்கவேண்டும். அவர் பெயரையே தன் பெயராகவும் சூட்டிக்கொள்வான். மார்க்கஸ் டுல்லியஸ் சிசரோவின் அடிமைச் செயலாளர் டிரோ, விடுதலைக்குப் பின் மார்க்கஸ் டுல்லியஸ் டிரோ. ஆனால் அவர்களுடைய பிள்ளைகளுக்கு இந்தக் கட்டு தளர்ந்தது. கவிஞர் ஹோரஸ் தான் விடுதலையான ஒருவரின் மகன் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர். கி.பி. 193இல் சில மாதங்கள் பேரரசராக இருந்த பெர்ட்டினாக்ஸும் அப்படி ஒருவரின் மகனே.

பெண்களுக்கு வாக்கு இல்லை, பதவி இல்லை, பெரும்பாலும் தனக்கென்று ஒரு முதற்பெயர்கூட இல்லை. கொர்னேலியஸ் குடும்பத்தில் எத்தனை பெண்கள் பிறந்தாலும் எல்லாரும் கொர்னேலியாதான். ஆனால் பணமிருந்த பெண் பட்ரோனஸின் இடத்தில் உட்கார முடிந்தது. பொம்பெய் நகரத்தில் யூமாக்கியா என்ற பூசாரிப் பெண்மணி ஃபோரத்தை ஒட்டிப் பெரும் மண்டபம் ஒன்றைத் தன் செலவில் கட்டினார். துணி வெளுக்கும் தொழிலாளர்கள் சேர்ந்து அவருக்குச் சிலை வைத்தார்கள். அந்த ஊர்ச் சுவர்களில் தேர்தல் விளம்பரங்களை எழுதியவர்களிலும் பெண்கள் உண்டு. பழவியாபாரிகள், அண்டைவீட்டார் என்று ஆளாளுக்குத் தங்கள் வேட்பாளரைப் பரிந்துரைக்கும் அந்தச் சுவர்களில் வாத்தியா என்ற வேட்பாளரின் நிலைமைதான் பரிதாபம். ‘ராத்திரி நேரம்கழித்துக் குடிப்பவர்கள் அனைவரும் வாத்தியாவை ஆதரிக்கிறோம்’ என்று ஒரு சுவர். ‘சில்லறைத் திருடர்களின் ஆதரவு வாத்தியாவுக்கே’ என்று இன்னொரு சுவர். போஸ்டர் ஒட்டியே எதிராளியைக் கவிழ்க்கும் கலை பழையது.

குடியரசைக் கடைசியில் உடைத்ததும் இதே உறவுதான். வாசலில் இருந்தவரை அது சமாளிக்கக்கூடியதாக இருந்தது, ஏனென்றால் ரோமில் நூற்றுக்கணக்கான வாசல்கள் இருந்தன. யாரும் எல்லாரையும் சார்ந்தவர்களாக்க முடியாது. கி.மு. 107இல் மாரியஸ் சொத்தில்லாதவர்களையும் படையில் சேர்த்துக்கொண்டபோது நிலைமை மாறியது. போர் முடிந்ததும் அவர்களுக்கு நிலம் வேண்டும். அரசிடம் அதற்குத் திட்டம் இல்லை. வாங்கித்தர முடிந்தவர் தளபதி ஒருவர்தான். லட்சக்கணக்கான ஆயுதமேந்திய கிளியென்ஸ்கள் ஒருசில தளபதிகளின் வாசலில் நின்றார்கள். கி.மு. 88இல் தளபதி சுல்லா தன் படையோடு ரோமுக்குள்ளேயே நுழைந்தார். 49இல் சீசர், தளபதிகள் படையோடு தாண்டக்கூடாத எல்லையான ரூபிகன் ஆற்றைத் தாண்டினார். 44 மார்ச் 15இல் அவரைக் குத்திக்கொன்ற செனட்டர்கள் குடியரசு திரும்பிவிடும் என்று நம்பினார்கள். சீசர் தன் உயிலில் நகர மக்கள் ஒவ்வொருவருக்கும் 300 செஸ்டெர்ஸ் காசு எழுதிவைத்திருந்ததை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

உயிலின் வாரிசான ஆக்டேவியன், பின்னாளில் அகஸ்டஸ், அந்தப் பணத்தைக் கொடுத்தார். கான்சல் பதவியை ஒழிக்கவில்லை, செனட்டைக் கலைக்கவில்லை, மன்னன் என்ற பட்டத்தைத் தொடவே இல்லை. ஒரு வீட்டுக்குப் பட்ரோனஸ் எப்படியோ அப்படி ஊர் முழுவதற்கும் தான் ஒருவரே என்று ஆக்கிக்கொண்டார். கி.மு. 32இல் இத்தாலி முழுவதும் அவர் பெயரால் உறுதிமொழி எடுத்தது. 23இல் ட்ரிப்யூனின் அதிகாரத்தைப் பதவியில்லாமலே பெற்றார். பொதுமக்களின் அந்தத் திறந்த கதவும் அவர் வீட்டுக் கதவாகிவிட்டது. கி.மு. 2இல் ‘நாட்டின் தந்தை’ என்ற பட்டம் வந்தது. சுமார் 2 லட்சம் பேருக்கு மாதம் ஐந்து மோதியுஸ், கிட்டத்தட்ட 33 கிலோ கோதுமை, இலவசம். படைவீரர் ஓய்வுபெற்றால் 12,000 செஸ்டெர்ஸ், அதற்கென்று கி.பி. 6இல் தனிக் கருவூலம், தன் சொந்தப் பணத்திலிருந்து 17 கோடி செஸ்டெர்ஸ். இனித் தளபதியின் வாசலுக்குப் போகவேண்டிய தேவை வீரனுக்கு இல்லை. தீயணைக்கவும் இரவுக்காவலுக்கும் ஏழு அணிகளை அவர் அமைத்ததும் அதே ஆண்டில்தான்.

கி.பி. 14இல் அவர் இறந்ததும் தேர்தல்கள் செனட்டுக்குள் போய்விட்டன. ஆட்டுப்பட்டி என்று கேலிசெய்யப்பட்ட வாக்குத்திடலுக்கு அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே பளிங்குத் தூண்களோடு புதுக்கட்டடம் எழும்பியிருந்தது. வாக்கு போனபின் அங்கே கிளாடியேட்டர் சண்டைகள் நடந்தன. மார்ஷியல் காலத்தில் அது ஆடம்பரப் பொருள்கள் விற்கும் அங்காடி. வாங்க வக்கில்லாத ஒருவன் அங்கே நாள்முழுதும் விலை கேட்டுத் திரிந்துவிட்டு இரண்டு கோப்பைகளோடு வீடு திரும்புவதை அவர் பாடியிருக்கிறார்.

காலை வணக்கம் மட்டும் நிற்கவில்லை. அதன் அர்த்தம்தான் வற்றிப்போனது. வாக்கு இல்லாத கிளியென்ஸால் பட்ரோனஸுக்கு ஆகவேண்டியது என்ன? கூட்டம், அவ்வளவே. முன்பு சிறு கூடையில் உணவு கொடுத்து அனுப்பிய வழக்கம் 100 குவாட்ரான்ஸ் காசாகச் சுருங்கியது. ஒரு முறை குளியல்கூடத்துக்குள் போக ஒரு குவாட்ரான்ஸ். அந்தக் காசுக்காக விடிகாலையில் ஊரின் மறுமுனைக்கு நடப்பதைப் பற்றி மார்ஷியல் பாட்டுக்குப் பாட்டு புலம்புகிறார். ‘ரொட்டியும் பந்தயமும்’ என்று அங்கதக் கவிஞர் ஜுவெனல் மக்களைப் பழித்த வரி புகழ்பெற்றது. ஒருகாலத்தில் ஆட்சி அதிகாரத்தையும் படைகளையும் வழங்கிய மக்கள் இன்று இந்த இரண்டுக்கு ஏங்குகிறார்கள் என்பதே அதன் முழுக் கருத்து. வாக்கு எப்படிப் போயிற்று என்பதை மறந்துவிட்டு மக்களை மட்டும் திட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

செயல்படுகிற பட்ரோனஸ்–கிளியென்ஸ் சங்கிலி இப்போது பேரரசரில் போய் முடிந்தது. செனட்டரான இளைய ப்ளினி உடல்நலமின்றிக் கிடந்தபோது சிகிச்சை செய்தவர் எகிப்தியரான ஹார்போக்ராஸ்; வேற்றுநாட்டுப் பெண்மணி ஒருவரிடம் அடிமையாக இருந்து விடுதலையானவர். அவருக்குக் குடியுரிமை கேட்டு ப்ளினி நேரே பேரரசர் ட்ராஜனுக்குக் கடிதம் எழுதினார், கிடைத்தது. எகிப்தியர் என்றால் முதலில் அலெக்சாண்ட்ரியா குடியுரிமை வேண்டும் என்று பிறகு தெரியவர, மறுபடி எழுதினார். அதுவும் கிடைத்தது. அலுவலகமும் விண்ணப்பப் படிவமும் இல்லை, தெரிந்தவர் ஒருவர் உண்டு. ஆனால் அதே ப்ளினி, ஆளுநராக இருந்த மாகாணத்தில் நிக்கோமீடியா நகரம் தீப்பிடித்து எரிந்தபின் 150 பேர் கொண்ட தீயணைப்புக் குழு அமைக்கலாமா என்று கேட்டபோது ட்ராஜன் மறுத்தார். எந்தப் பெயரில் கூடினாலும் இந்த ஊர்க்காரர்கள் சீக்கிரமே அரசியல் சங்கமாக மாறிவிடுவார்கள் என்றார். மேலே ஒருவரைச் சார்ந்திருப்பது சரி. பக்கத்தில் இருப்பவரோடு கைகோத்து நிற்பது ஆபத்து.

கி.பி. 212இல் பேரரசர் காரகல்லா ஓர் ஆணை பிறப்பித்தார். பேரரசில் அடிமையல்லாத ஏறக்குறைய அனைவரும் இனி ரோமக் குடிமக்கள். வாரிசுரிமை வரி வசூலைப் பெருக்கவே இந்தத் தாராளம் என்று அதே காலத்துச் செனட்டர் கேஸியஸ் டியோ எழுதினார். காரகல்லாவின் அதிகாரப் பெயர் மார்க்கஸ் அவுரேலியஸ் அன்டோனினஸ். அந்த ஆண்டுக்குப் பிறகு எகிப்தின் பாப்பிரஸ் பத்திரங்களைப் புரட்டினால் நிலம் விற்பவன் அவுரேலியஸ், வாங்குபவன் அவுரேலியஸ், சாட்சி அவுரேலியஸ், எழுத்தறியாதவனுக்காகக் கையெழுத்துப் போடுபவனும் அவுரேலியஸ். டிரோ தன் எசமானின் பெயரை எடுத்துக்கொண்ட அதே வழக்கப்படி, நைல் கரை விவசாயிகளும் தங்களுக்கு உரிமை கொடுத்தவரின் பெயரைச் சூட்டிக்கொண்டிருந்தார்கள்.